அணு போன வழி

ஹைட்ரஜன் அணு ஒன்று வேகமாக வந்து ஒரு மூலக்கூறின்மேல் மோதுகிறது. அந்த மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜனும், அதைப்போல் இருமடங்கு கனமுள்ள டியூட்டீரியமும் சேர்ந்திருக்கின்றன. மோதல் முடிந்ததும் ஹைட்ரஜன்கள் இரண்டும் ஒரு சோடியாகிவிடுகின்றன. டியூட்டீரியம் தனியே பறந்துபோகிறது. மூன்று அணுக்கள், மூன்றே எலக்ட்ரான்கள். வேதியியலில் இதைவிட எளிய வினையைத் தேடுவது கஷ்டம். வந்த அணு நேராகத் தட்டி ஹைட்ரஜனைப் பறித்திருக்கலாம். அல்லது சுற்றிக்கொண்டு போய் இரண்டுக்கும் நடுவே நுழைந்தும் பறித்திருக்கலாம். எந்த வழியாகப் போனது? எழுபதை நெருங்கும் வயதில் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இதற்கும் ஒரு படி மேலே இருக்கிறது. அது எந்த வழியாகப் போனது என்று கடவுளுக்குத் தெரியுமா?

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்காகப் பம்பாய் வந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா தோல்ஷாப்பில் முதலில் சுண்ணாம்புத் தொட்டியிலும் பிறகு குரோம் பீப்பாயிலும் வேலை பார்த்தார். அம்மாவிடம் எதற்கும் ஒரே பதில்தான்: "அவன் எழுதினபடிதாம்லே நடக்கும்." பரீட்சையில் தேறினாலும் அதுதான், குழாயடியில் குடம் நசுங்கினாலும் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே பள்ளியும் கல்லூரியும் முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் பவாய் ஐஐடியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்ததோ, அம்மா சொன்னதைச் சமன்பாடுகளில் போட்டுப் பார்க்கும் வேலை.

வேதிவினையில் மோதும் அணுக்களின் பாதையைக் கணக்கிடுவதுதான் அந்த வேலை. எலக்ட்ரான்கள் அணுக்களைவிட வெகு வேகமாக நகர்பவை. ஆகவே அவற்றின் ஆற்றலை முதலில் தனியாகக் கணக்கிட்டு, அணுக்கள் ஓடுவதற்கு மேடும் பள்ளமுமான ஓர் ஆற்றல் பரப்பை அமைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் இடமாற்ற வினையில் அணு ஏறிக் கடக்க வேண்டிய மேடு சுமார் 0.42 எலக்ட்ரான் வோல்ட். அந்தப் பரப்பின்மேல் மூன்று அணுக்களையும் நியூட்டனின் விதிப்படி ஓடவிட வேண்டும். மூலக்கூறு எந்தத் திசை நோக்கி நிற்கிறது, அதிர்வின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வரும் அணு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி வருகிறது என்பதையெல்லாம் கணினி சீரற்ற எண்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கும். இப்படி ஆயிரக்கணக்கான மோதல்களை ஓட்டி, எத்தனை வினையில் முடிந்தன, எந்தக் கோணத்தில் சிதறின என்று எண்ண வேண்டும். 1965இல் கார்ப்ளஸ், போர்ட்டர், சர்மா ஆகிய மூவரும் ஹைட்ரஜன் வினைக்கு இப்படிச் செய்து காட்டியதிலிருந்து உலகெங்கும் இந்த முறை பரவியது.

எங்களிடம் இருந்தது சோவியத் தயாரிப்பான இசி-1030 கணினி. துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சடித்து வரும் தாளில் ஒவ்வொரு மோதலுக்கும் மூன்று தூரங்கள் வரிவரியாக இருக்கும். எண்களைப் படித்துக்கொண்டே போனால், அணு நெருங்குவதும் தயங்குவதும் பழைய பிணைப்பு நீள்வதும் புதியது அதிரத் தொடங்குவதும் கண்முன் தெரியும். தொடக்க எண்ணில் ஏதோ ஒரு தசம இடத்தை மாற்றினால் வினையில் முடிந்த மோதல் வினையின்றி முடியும். எண்களைக் கொடுத்துவிட்ட பிறகோ ஒரு புள்ளிகூட நகராது. முதல் வரியிலேயே கடைசி வரி அடங்கியிருக்கும். அம்மா சொன்ன எழுத்தை நான் தாளில் பார்த்தேன்.

எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்ற இந்த நினைப்புக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. சிலப்பதிகாரம் முழுவதும் ஊழின் கதைதான். மணிமேகலை கேட்டறியும் சமயக்கணக்கர் வரிசையில் ஆசீவகரும் நின்று தம் கொள்கையைச் சொல்கிறார். மற்கலி கோசாலரின் நியதிக் கொள்கையைப் பற்றிப் பேசும் பௌத்த நூல்கள் ஓர் உவமை தருகின்றன: வீசிய நூலுருண்டை கடைசி முழம் வரை பிரிந்தே தீரும். 1814இல் பிரான்சில் லாப்லாஸ் எழுதியது அதே கருத்தின் கணித வடிவம். எல்லா அணுக்களின் இடத்தையும் அவற்றின்மேல் செயல்படும் விசைகளையும் ஒரு கணத்தில் அறிந்த பேரறிவு ஒன்றுக்கு, வருங்காலமும் இறந்தகாலமும் ஒருசேரத் தெரியும் என்றார். பாதைக் கணக்கு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருத்தின் கவர்ச்சி சாதாரணமானதல்ல. எல்லாவற்றுக்கும் ஒரு நடுக்கதை உண்டு என்ற உறுதியை அது தருகிறது.

குவாண்டம் கணக்கில் அந்த நடுக்கதைதான் கிடைப்பதில்லை. தொடக்க நிலை உண்டு. முடிவில் எந்தக் கோணத்தில், எந்த அதிர்வு நிலையில், எவ்வளவு என்பதும் உண்டு. இரண்டையும் இணைப்பது வீச்சு எனும் எண். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வீச்சு இருக்கிறது. அது கூட்டற்குறியோடும் வரலாம், கழித்தற்குறியோடும் வரலாம். எல்லா வழிகளின் வீச்சுகளையும் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகே வர்க்கம் எடுத்து நிகழ்தகவைக் காண வேண்டும். இதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. நேர்வழியின் வீச்சு 1, சுற்றுவழியின் வீச்சு 0.1 என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் சுற்றுவழியின் நிகழ்தகவு நேர்வழியுடையதில் நூற்றில் ஒரு பங்கு, தள்ளிவிடத் தோன்றும். ஆனால் குறி ஒத்திருந்தால் கூட்டுத்தொகை 1.1, அதன் வர்க்கம் 1.21. குறி எதிரானால் 0.9, வர்க்கம் 0.81. நூற்றில் ஒரு பங்கு வழி, விளைவை 81க்கும் 121க்கும் இடையே ஆட்டிவைக்கிறது. "நூறு மோதலில் ஒன்று அந்த வழியாகப் போயிருக்கும்" என்ற பேச்சு இங்கே நிற்காது. அந்த ஒரு மோதல் மட்டுமே வேறாக நடந்திருந்தால் மற்ற தொண்ணூற்றொன்பதின் கணக்கு இவ்வளவு மாறியிருக்க முடியாது.

இது தாளில் மட்டும் இருக்கும் கணக்கு என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. 2018இல் சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும், நான் தொடக்கத்தில் சொன்ன அதே வினையை 2.77 எலக்ட்ரான் வோல்ட் மோதல் ஆற்றலில் நடத்தி, டியூட்டீரியம் எந்தெந்தக் கோணத்தில் பறக்கிறது என்று நுட்பமாக அளந்தார்கள். கோணம் சிறிது மாறுவதற்குள் எண்ணிக்கை ஏறி இறங்கி ஏறியது. இரண்டு வழிகளின் வீச்சுகளும் ஒன்றோடொன்று கலந்ததன் அடையாளம் அது. மூன்று அணுக்களும் சமபக்க முக்கோணமாக நிற்கும் அமைப்பில் இரண்டு ஆற்றல் பரப்புகள் கூம்பு முனைகளைப்போல் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு வழி அந்தப் புள்ளிக்கு இப்பக்கமாகப் போகிறது, மற்றொன்று அப்பக்கமாகச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றியதாலேயே குறி ஒன்று மாறுகிறது. அந்தக் குறியைச் சேர்க்காத கணக்கில் மேடு இருக்க வேண்டிய கோணத்தில் பள்ளம் வந்தது. சேர்த்த கணக்கு அளவீட்டோடு பொருந்தியது.

சுற்றி வந்ததன் நினைவாகத் தங்கும் இந்தக் கட்ட மாற்றத்தை, மூலக்கூறுகளில் 1963இல் ஹெர்ஸ்பெர்கும் லாங்கெட்-ஹிக்கின்ஸும் எடுத்துச் சொன்னார்கள். அதற்கும் முன்னால், 1956இல், பெங்களூரில் சி. வி. ராமனின் சகோதரி மகனான சி. பஞ்சரத்தினம், முனைவுற்ற ஒளிக்கற்றைகளில் இதே வகை மாற்றத்தைக் கண்டு இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. 1984இல் மைக்கேல் பெரி இதன் பொதுத் தத்துவத்தை எழுதிய பிறகுதான் உலகம் பஞ்சரத்தினத்தின் பக்கம் திரும்பியது. பஞ்சரத்தினம் 1969இலேயே, முப்பத்தைந்து வயதில், ஆக்ஸ்போர்டில் காலமாகிவிட்டார். அவருடைய சிந்தனையின் உறவு ஒன்று மூன்றணு வினையின் சிதறல் கோணங்களில் தெரிகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

பழைய கணக்கைப் பொய் என்று ஒதுக்கிவிடுவதும் அநியாயம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கான்பூர் ஐஐடியில் நெடுங்காலம் பணியாற்றிய என். சத்தியமூர்த்தி, ஹீலியமும் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியும் மோதும் வினையை நியூட்டன் வழியிலும் குவாண்டம் வழியிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். குவாண்டம் கணக்கில் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் வினை நிகழ்தகவு கூரிய முனைகளாக எழுந்து விழும். பாதைக் கணக்கோ அவற்றினூடே சமமான கோட்டை இழுக்கும். கூர்முனைகள் பாதைக் கணக்குக்குத் தென்படாது. ஆனால் பல நிலைகளையும் பல ஆற்றல்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது இரண்டு கணக்குகளும் பெரும்பாலும் நெருங்கிவிடுகின்றன. கனமான அணுக்களானால் இன்னும் நெருக்கம். என் செம்பூர் வீட்டுக்குத் தெற்கே டிராம்பேயில் அம்மோனியா செய்பவர்களுக்கும் மாகுலில் எண்ணெய் சுத்திகரிப்பவர்களுக்கும் வீச்சுகளின் குறியைப் பற்றிய கவலை தேவைப்படுவதில்லை. ஆக, கேள்வி கூர்மையாகிறது. பெரும்பாலும் கதை உண்டு. சில இடங்களில் இல்லை. எந்த இடத்தில் உண்டு, எந்த இடத்தில் இல்லை?

மாட்டுங்காவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீவைஷ்ணவ நூல்களில் தோய்ந்தவர். மாலையில் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் சேர்ந்து நடப்போம். ஒருநாள் டாலியன் பரிசோதனையை விளக்கிவிட்டுக் கேட்டேன்: "சார், பெருமாள் சர்வஞ்ஞன் இல்லையா? அந்த அணு எந்த வழியாகப் போச்சுன்னு அவருக்குத் தெரியணுமே?"

அவர் நின்றார். "முயல்கொம்பு எத்தனை முழம்னு பெருமாளுக்குத் தெரியுமோ?" என்றார். "தெரியாதுன்னா அது அவருக்குக் குறையா சார்? இருக்கிறதையெல்லாம் அறியறவன்தான் சர்வஞ்ஞன். இல்லாததை இல்லைன்னு அறியறதும் அதிலேயே சேர்த்தி. ஆகாசத் தாமரையைப் பத்தி ஆசாரியர்கள் சொன்ன சமாதானம் இது. உங்க அணுவுக்கும் பொருந்தும்னா வெச்சுக்கோங்கோ."

அணு போன வழி முயல்கொம்பைப் போன்றதுதானா? இதை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள முடியாது. 1952இல் டேவிட் போம் காட்டிய வழியில் ஒவ்வொரு துகளுக்கும் திட்டமான பாதை உண்டு; அலை ஒன்று அதை நடத்திச் செல்கிறது. பரிசோதனை முடிவுகள் வழக்கமான குவாண்டம் கணக்கோடு ஒத்துப்போகின்றன. ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு பல ஆண்டுகள் உரையாடிய அதே போம்தான். அவர் சொல்வது சரியென்றால் இறைவனுக்கு அந்த வழி தெரியும். ஆனால் அங்கேயும் அலை இரண்டு பக்கமும் போகிறது. அணு போகாத பக்கத்தின் அலையும் சேர்ந்துதான் போன பக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு வழியை மட்டும் பிரித்தெடுத்து, "இது இப்படி நடந்தது, மற்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லும் கதை எந்த விளக்கத்திலும் தேறுவதில்லை. என் கணினித் தாளில் வரிவரியாக வந்தது அந்தக் கதைதான். போமை ஏற்பவர்கள் ஏற்கட்டும். தனித்த கதை என்ற முயலுக்கு அங்கும் கொம்பு முளைக்கவில்லை.

அப்படியானால் கதை எங்கே பிறக்கிறது? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நடக்கும் சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு பதிலை அடிக்கடி கேட்கிறேன். பார்ப்பவனின் உணர்வுதான் உலகை உண்டாக்குகிறது என்று குவாண்டம் நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வேதாந்தத்தை மதிக்கிறவன் என்பதாலேயே இதை மறுக்க விரும்புகிறேன். கடன் வாங்கிய சான்றில் நிற்க வேண்டிய தேவை வேதாந்தத்துக்கு இல்லை. தவிர, சான்று சொல்வது வேறு. எழுபது கார்பன் அணுக்களால் ஆன, சற்று நீண்ட பந்து வடிவ மூலக்கூறு ஒன்று உண்டு. வியன்னா ஆய்வாளர்கள் அதையும் பல வழிகளில் ஒருசேரப் போகவைத்து, அலைக் கலப்பின் வரிகளைப் பெற்றார்கள். 2004இல் அதே மூலக்கூறை லேசரால் சூடேற்றி அனுப்பினார்கள். சூடான மூலக்கூறு வழியில் ஒளி உமிழ்ந்தது. சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. எந்த வழி என்ற செய்தி மூலக்கூறை விட்டு வெளியேறி உலகில் எங்கோ பதிந்துவிட்டது. அதுவே போதுமானதாக இருந்தது.

என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். தடம் பதிந்த இடத்தில் பாதை உண்டு. பார்க்க ஆள் இருக்க வேண்டியதில்லை, உணர்வு இருக்க வேண்டியதில்லை. தடம் எதிலும் பதியாத இடத்தில் தனித்த பாதை என்று பேச எதுவுமில்லை. சித்ரகுப்தனுடைய ஏட்டில் அந்த வரி காலியாக இருந்தால் அது அவனுடைய கவனக்குறைவு ஆகாது. பதிந்த தடம் எதையும் அவன் விட்டுவிட மாட்டான் என்பதுதான் நம் மரபு அவனை வைத்துச் சொல்ல வந்தது.

இதை நான் வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. அப்பா வேலை பார்த்த தோல்ஷாப்பில் குரோம் சாற்றை அவர்களே காய்ச்சினார்கள். சோடியம் டைகுரோமேட்டில் கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் மாறிக் கரும்பச்சையாகும். மாறுவதற்கு முந்திய ஆரஞ்சுக் கரைசல் தோலைத் துளைக்கும். அப்பாவின் விரல்களில் வட்ட வட்டமாகப் புண்கள் விழுந்தன; ஆறினாலும் குழி மறையாது. கையுறை கேட்டபோது மேஸ்திரி சொன்னார்: "பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகலையே. உன் தலையெழுத்து அப்படி." அப்பா அதை நம்பினார். அம்மாவும் நம்பினாள்.

அந்த நம்பிக்கையை நான் இன்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கரைசலில் ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் நொடிக்கு லட்சம் கோடி முறைக்கு மேல் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் ஒரு தடம். வியன்னாவின் வெற்றிடத்தில் கிடைத்த வழியின்மை குரோம் பீப்பாயில் கிடைக்காது. பீப்பாயிலிருந்து விரலுக்கு வழி உண்டு. விரலிலிருந்து கையுறை இல்லாத கணக்குப் புத்தகத்துக்கும், அங்கிருந்து கையுறை வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் வழி உண்டு. அத்தனையும் தடம் பதிந்த இடங்கள். குவாண்டம் இயலை மேற்கோள் காட்டி "எதற்கும் காரணம் இல்லை, எல்லாம் மாயை" என்று அந்த முதலாளியும் தப்பிக்க முடியாது. "எல்லாம் முன்பே எழுதியது" என்று மேஸ்திரியும் தப்பிக்க முடியாது. எழுதியதாகச் சொன்னது தலையில். தடம் இருந்தது பீப்பாயில்.

குவாண்டத்தின் தற்செயலை வைத்து மனிதனின் சுதந்திரத்தை நிரூபிக்க முயல்கிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. குவாண்டம் அலை விதிப்படியே நகர்கிறது. கடைசியில் எந்தக் கோணம் என்பதில்தான் தற்செயல் நுழைகிறது. தற்செயலாக ஒன்று நடப்பது நான் தேர்ந்து செய்வது ஆகாது. வள்ளுவர் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தையும் விடாமுயற்சிக்கு 62ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கி, ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதாமல் இரண்டையும் வைத்துவிட்டுப் போனார். நம் கைக்கு எட்டாதது உண்டு என்பதும், கைக்கு எட்டியதற்கு நாமே பொறுப்பு என்பதும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்து நிற்கின்றன. அந்த எல்லையை மூன்று அணுக்கள் நமக்காக வகுத்துத் தரமாட்டா.

எனக்கு இறை நம்பிக்கை உண்டு. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு மனைவியோடு போகிறேன். "எங்கள் வாழ்வில் இது ஏன் இப்படி நடந்தது, நடுவில் என்ன எழுதியிருந்தாய்?" என்று ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டே நின்றவன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் நடுக்கதை தந்தாக வேண்டும் என்று இறைவனை நிர்ப்பந்திப்பது, முயல்கொம்பை அளந்து தரச் சொல்வது. அவன் அறிந்தவை, தடமாகப் பதிந்தவை, நம் கண்ணெதிரே ஏராளமாகக் கிடக்கின்றன. யாராவது யாரையாவது பார்த்துத் தலையெழுத்து என்று சொல்லும்போது, தடம் எங்கே என்று தேடிப் போவதையும் என் வழிபாட்டில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.